புங்கமேட்டு முகாம் லாரி

சாலை வசதி இல்லாத கிராமங்களின் குறைகளை அதிகாரிகள் அங்கேயே தங்கிக் கேட்டறிய வேண்டும் என்று எழுபத்தொன்பதாம் ஆண்டு ஓர் ஆணை வந்தது. நல்ல ஆணை. சாலை இல்லாத கிராமத்துக்கு என்ன குறை இருக்கக்கூடும் என்பதை உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டே ஊகிப்பது முறையல்ல.

எங்கள் ஒன்றிய ஆணையர் ஜெகநாதன் இந்த ஆணையைப் படித்தபோது, மேசைமேல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையும் கிடந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனர் கொண்டுவந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் லாரிக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு, பாதையே இல்லாத காட்டுக்குப் போய், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க வேதாசலம். பாதை இல்லாத இடத்தைத் தேடிக் காசு செலவு பண்ணிக்கிட்டுப் போறான். நம்ம யூனியன்ல அது எவ்வளவு கிடக்குது! நமக்குத்தான் அருமை தெரியலை."

ஓவர்சியர் வேதாசலத்துக்கும் அந்தக் கணத்தில் அருமை தெரிந்துவிட்டது.

ஒன்றியத்திடம் இருந்தது ஒரே லாரி. சாலைக்குக் கிராவல் அடிக்கும் லாரி. அடுத்து அது காவாந்தண்டலத்துக்கு அப்பால் இருக்கும் புங்கமேட்டுக்குக் கிராவல் அடிக்க வேண்டும். அந்த ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஓர் ஓடை. மழை வந்தால் இடுப்பளவு சேறு. அங்கே கூலி வேலை செய்யும் மார்த்தாளின் மகள் அம்முலு, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் நாள். முந்தைய மழைக்கு ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கியவர்கள், பாதியிலேயே அழுதுகொண்டு திரும்பியதை மார்த்தாள் பார்த்திருக்கிறாள். ஆகவே ஆணையர் முன் வந்து நின்றாள்.

"ஐயா, கிராவல் லாரி எப்பங்க வரும்?"

"லாரி வருதும்மா. கிராவல்தான் வராது."

"அப்ப லாரி எதுக்குங்க வருது?"

"உங்க ஊருக்கு ஏன் ரோடு இல்லைன்னு விசாரிக்க."

"கிராவல் அடிக்கலீங்க. அதான் இல்ல."

"அதை இங்க சொல்லக் கூடாது. முகாம்ல வந்து சொல்லணும்."

லாரிக்கு அலங்காரம் தொடங்கியது. மேலே இரும்புக் கூரை போடப்பட்டது. கொசுவலையோடு தேக்குக் கட்டில் வந்தது. இரும்பு பீரோ வந்தது. தலைக்கு மேலே தகரத் தண்ணீர்த்தொட்டி, பக்கவாட்டில் இழுத்துக் கட்டினால் பந்தலாகும் தார்ப்பாய், மனு கொடுக்க வருகிறவர்கள் ஏறிவரப் படிக்கட்டு, அவர்கள் ஏறிவிடாமல் இருக்க அதற்கொரு கதவு. மேனாட்டு முறைக் கழிப்பறைப் பீங்கான் ஒன்று திரைக்குப் பின்னால் கொலுவிருந்தது. காட்டு வாழ்க்கையின் சூழல் கெடாதிருக்க இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளும் ஏற்றப்பட்டன. இதைப் பார்க்கப் பக்கத்து ஒன்றியங்களிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பிறகு திருப்புலிவனத்து மிராசுதார் ஒருவர் தம் மாட்டு வண்டிக்கு மடக்கு நாற்காலி வாங்கினார் என்றால், நாகரிகம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் ஞானதாஸ் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"சார், கிராவல் ஏத்தனாக்கூட வண்டி இவ்ளோ கனம் இருக்காது. சேத்துல எறங்குச்சுன்னா அங்கியே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

"அதுக்குத்தானேய்யா கட்டில் போட்டிருக்கு!"

புரட்டாசிக் கடைசியில் ஆணையரும் ஓவர்சியரும் ஏறிக்கொள்ள, லாரி மாலை மரியாதையோடு புறப்பட்டது. ஓடை அதை அன்போடு ஏற்றுக்கொண்டது. முதலில் சக்கரங்கள் போயின. அப்புறம் படிக்கட்டு போயிற்று. ஊர் மாடுகளையெல்லாம் பூட்டி இழுத்தார்கள்; நுகத்தடிகள் முறிந்தன, லாரி அசையவில்லை.

"கிரேன் வரணும் சார்" என்றார் வேதாசலம். "கிரேன் வர ரோடு வேணும். ரோடு போடக் கிராவல் வேணும்."

"கிராவலுக்கு?"

"லாரி வேணும்."

"லாரி எங்க?"

வேதாசலம் தாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

ஆணையர் தளரவில்லை. "முகாம் நடைபெறுகிறது" என்று பலகை மாட்டச் சொல்லிவிட்டு, ஒருவர் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தார். வண்டி முகாமில் இருப்பதால், வண்டிக்குப் பொறுப்பான அதிகாரியும் முகாமில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்பது விதி. அதன்படி அவர் உத்திரமேரூர் நாற்காலியில் இருந்தபடியே புங்கமேட்டில் தங்கி, முகாம் படியும் வாங்கிவந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. வண்டல் வந்து லாரியின் இரு பக்கமும் அடைத்தது. தண்ணீர் தேக்குக் கட்டிலுக்கு அடியில் புகுந்து, பீங்கானைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிற்று. மார்த்தாள் கரையில் நின்று பார்த்தாள்.

"ஏம்ப்பா ஞானதாஸு, இது இன்னும் முழுவுமா?"

"முழுவாதுக்கா. அடில பாறை தட்டிடுச்சு."

"அப்ப சும்மா இன்னாத்துக்குக் கீது?"

ஊரே திரண்டது. பனை மரங்களை வெட்டி, கரையிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து அக்கரைக்கும் போட்டார்கள். தார்ப்பாயை விரித்து மண் கொட்டினார்கள். பீரோவின் கதவுகள் ஏற்றத்துக்குப் பலகையாயின. ஐப்பசி அடைமழையில் அம்முலுவின் மாட்டு வண்டி ஆணையரின் படுக்கையறைக்கு மேலாக ஆஸ்பத்திரிக்குப் போய், பெண் குழந்தையோடு திரும்பி வந்தது.

மாசியில் தணிக்கை அதிகாரி வந்தார். விதிப்படி முகாம் வண்டி சாலை இல்லாத ஊரில்தான் நிற்கலாம். பாதை ஏற்பட்ட ஊரிலிருந்து உடனே அகற்றப்பட வேண்டும், பாதை வந்தபின் வாங்கிய படியையும் திருப்பிக் கட்ட வேண்டும். இதை உறுதிசெய்ய அவர் வந்த ஜீப், ஓடையின் நட்டநடுவில் வந்து நின்றது.

"இந்த ஊருக்குப் பாதை உண்டா, இல்லையா?"

உண்டு என்றால் லாரி போய்விடும். லாரி போனால் பாதை போய்விடும்.

"இல்லீங்க!" என்றது ஊர். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர், ஜீப்பில் கூடவே வந்திருந்த ஆணையர்.

"அப்படின்னா என் ஜீப் எது மேல நிக்குது?"

பேத்தியை இடுப்பில் வைத்திருந்த மார்த்தாள் சொன்னாள்: "முகாம் மேலீங்க."

அதிகாரி யோசித்தார். பாதை இல்லாத ஊருக்குப் போய்வந்தால் தணிக்கை அதிகாரிக்கும் தனிப் படி உண்டு. "அதானே, பாதை எங்க இருக்கு?" என்று நான்கு பக்கமும் பார்த்துக் கேட்டார். உடனே மடக்கு நாற்காலி போடப்பட்டது. லாரியின் தலைமேல் உட்கார்ந்து, பத்திரிகையில் இருந்த வெள்ளைக்காரரைப் போலவே காபி குடித்தார். இரண்டு மாட்டு வண்டிகள் அவருக்காக ஒதுங்கி நின்றன.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சாலை வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. ஊர் ஊராக முகாம் லாரி கேட்டுத்தான் மனுக்கள் போகின்றன. எங்கள் தெருவின் மனுவை எழுதிக் கொடுத்தவன் அடியேன். தெருவில் ஓடை கிடையாது என்பதால், முதற்கட்டமாக ஓர் ஓடை வெட்டித் தருமாறு கோரியிருக்கிறோம்.