வான்வீட்டுக்கு நாலு டயர்

ஓய்வு பெற்ற அன்றே ஹியூபேட் ஒரு சபதம் எடுத்தார். இனி எந்த ஊருக்குப் போனாலும் எந்த உறவினர் வீட்டுப் பாயிலும் படுப்பதில்லை. வீட்டையே கூடக் கொண்டுபோவது.

வாழ்நாள் முழுக்கக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தவர். மற்றவர்களின் பெட்டிகளை உலகமெல்லாம் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கந்தோர்க் கதிரையை விட்டு அசையாமல் இருந்தவர். போர் முடிந்து வடக்குப் பாதை திறந்துவிட்டது. ஆவணி மாதம் மடு மாதா கோயில் திருவிழா வருகிறது. இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்?

ஹெந்தளையில் ஒருவரின் வளவில் கிடந்த பழைய வான் ஒன்றை வாங்கிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தார். பின் சீற்றுகளைக் கழற்றினார். கட்டில் போட்டார். காஸ் அடுப்பு வைத்தார். தண்ணீர்த் தாங்கி, சின்ன ஃபிரிட்ஜ், யன்னலுக்குப் பூப்போட்ட திரை. முன்னுக்கு மாதா படம். பக்கத்தில் தன் கையாலேயே நீல எழுத்தில் ‘வான்வீடு’ என்று பெயர் எழுதினார். கடைசியாக டயர்களுக்குப் பொலிஷ் போட்டார். அவை கறுகறுவென்று மினுங்கின.

பிறகுதான் மனைவி கொன்ஸ்ரன்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கொன்ஸ்ரன்ஸ் ஓய்வு பெற்ற நேர்ஸ். ஆஸ்பத்திரி வாட்டைச் சுற்றி வருவதுபோல வானைச் சுற்றி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், தலையாட்டினாள். அடுப்பைப் பார்த்தாள், தலையாட்டினாள். பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் குந்தினாள். அங்கே தலை ஆடவில்லை.

“இஞ்சருங்கோ, இந்த நாலு டயரையும் மாத்தவேணும்.”

“என்னத்துக்கு? டயர் வெட்டின்ட ஆழத்தைப் பாரும். விரல் விட்டா உள்ள போகுது. இது ஓடவே இல்லை.”

“ஓடேல்லை. நிண்டது. ஹெந்தளை வெயில்ல, கடல் காத்தில, வருஷக்கணக்கா ஒரே இடத்தில நிண்டது. பக்கத்தைப் பாருங்கோ. குதிக்கால் வெடிச்ச மாதிரி வெடிச்சிருக்கு.”

“அது டிசைன்.”

“இந்தா, இதில நாலு இலக்கம் இருக்கு. முதல் ரெண்டும் செய்த கிழமை, கடைசி ரெண்டும் செய்த வருஷம். இதுதான் டயரின்ட பேர்த் சேர்ட்டிபிகேட். எங்கட மகள் மாக்ரெட் கலியாணம் கட்ட முந்திப் பிறந்த டயர் இது.”

“பாத்தா அந்த வயசு தெரியேல்லையே!”

கொன்ஸ்ரன்ஸ் நிமிர்ந்து, புருஷனின் மை பூசிக் கறுத்த தலைமயிரை ஒரு கணம் பார்த்தாள்.

“ஓம். சிலதுக்குத் தெரியாதுதான்.”

ஹியூபேட் தொண்டையைச் செருமினார். “சும்மா பயப்படாதையும். ரெண்டு பேர்தானே போகப்போறம்.”

“ரெண்டு பேரோ? ஒரு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு காஸ் சிலிண்டர், ஒரு தாங்கி தண்ணி. பேர் மட்டும் சரியாத்தான் வைச்சிருக்கிறியள், வான்வீடு எண்டு. இந்த டயரில போனா நேரா அங்கதான் போய் நிப்பம்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வானுக்கும் ஹியூபேட்டுக்கும் ஒரே நேரத்தில் காற்றுப் போனதுபோல இருந்தது.

வீட்டில் தோற்றவர் வெளியில் சாட்சி தேடினார். பஞ்சிகாவத்தையில் டயர்க் கடை வைத்திருந்த மஜீட் அவருடைய பழைய சினேகிதர். துறைமுகத்தில் மஜீட்டின் சரக்குகள் சிக்கிக்கொண்ட காலத்தில் ஓடித் திரிந்து உதவியவர் ஹியூபேட். அந்த உரிமையோடு போய் நின்றார்.

“மஜீட், நாளைக்கு மிஸிஸைக் கூட்டிக்கொண்டு வாறன். நீர் டயரைத் தட்டிப் பாத்திட்டு, ‘முதல்தரம், இன்னும் பத்து வருஷம் ஓடும்’ எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும்.”

மஜீட் தாடியைத் தடவினார். “சேர், டயர் விக்கிய நானே டயர் வாணாம் எண்டு சொல்லியா?”

“அதாலதானே அவ நம்புவா!”

இந்தத் தர்க்கத்தில் ஹியூபேட்டுக்கே தன்மேல் பெரிய மரியாதை வந்தது.

மறுநாள் கொன்ஸ்ரன்ஸ் வந்தாள். மஜீட் நாலு டயரையும் தட்டினார். உதைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல ஒப்புவித்தார்.

“முதல்தரம் மிஸிஸ். இன்னும் பத்து வருஷம் ஓடும்.”

ஹியூபேட் ஒன்றும் தெரியாதவர்போல எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

கொன்ஸ்ரன்ஸின் முகம் மலர்ந்தது. “அப்பிடியோ மஜீட் நானா? நல்ல காலம். நான் வீணாப் பயந்து இவரையும் பேசிப்போட்டன்.”

ஹியூபேட்டின் நெஞ்சுக்குள் பாண்ட் வாத்தியம் முழங்கியது.

“வீட்டில நளீபா சுகமோ? மகளைப் பாக்க அக்குறணைக்குப் போறதெண்டு சொன்னவ.”

“ஓம் மிஸிஸ், இந்தக் கிழமை போற. பேரப்புள்ளைகளும் போற. எங்கட வான் அந்தா ஈக்கி.”

கொன்ஸ்ரன்ஸ் அந்த வானைப் போய்ப் பார்த்தாள். குந்திப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“அப்ப ஒரு உதவி நானா. இவ்வளவு திறமான டயரை நாங்கள் ரெண்டு கிழடுகள் வைச்சு என்ன செய்யிறது? இதைக் கழட்டி உங்கட வானுக்குப் பூட்டுங்கோ. கடுகண்ணாவ மலை ஏத்தத்துக்குப் பேரப்பிள்ளையளுக்கு நல்ல பாதுகாப்பு. உங்கட டயரை எங்களுக்குத் தாங்கோ. நாங்கள் அதில ஏதோ மடு மட்டும் போய் வருவம்.”

மஜீட்டின் வாய் திறந்தது. மூடியது.

“அது மிஸிஸ்... சைஸ்...”

“ஒரே சைஸ் நானா. பாத்திட்டுத்தான் சொல்றன்.”

மஜீட் தன் வானைப் பார்த்தார். ஹியூபேட்டைப் பார்த்தார். நெற்றி வியர்வையை வழித்தார்.

“மன்னிச்சிக்கோங்க சேர்,” என்றார் மெல்ல. “எனக்குப் பேரப்புள்ளைகள் ஈக்கி.” பிறகு கடைக்குள் பார்த்துக் கத்தினார்: “நாலு புது டயர் எடுங்க!”

ஹியூபேட்டுக்கும்தான் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நேரத்தில் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

திரும்பி வரும் வழி முழுக்கக் கொன்ஸ்ரன்ஸ் ஒரு சொல் குத்திக் கதைக்கவில்லை. அதுதான் அவரைக் கூடக் குத்தியது. ஆனால் அவர் முற்றாகத் தோற்கவுமில்லை. நாலு டயர் போனாலும் ஐந்தாவது இருந்தது. பழைய ஸ்பெயர். “அதுக்குக் கை வையாதையும்” என்று மஜீட்டின் காதில் சொல்லித் தடுத்திருந்தார். வானுக்கு அடியில் இருட்டில் தொங்கிய அந்தக் கறுப்பு வளையம் அவருடைய மானத்தின் மிச்சம்.

புறப்பட்ட அன்று விடியக் கொன்ஸ்ரன்ஸ் காற்று அளக்கும் கருவியோடு நின்றாள்.

“வழியில பெற்றோல் அடிக்கிற இடத்தில பாப்பமே,” என்றார் ஹியூபேட்.

“ஓடிக் களைச்சு வந்த ஆளுக்குப் பிரஷர் பாக்கிறதில்லை. டயரும் அப்பிடித்தான். ஆறியிருக்கேக்கை பாக்கவேணும்.” நாலையும் அளந்தாள். பிறகு இன்னொரு கருவியை எடுத்து அவருடைய கையில் சுற்றினாள். “டயருக்கு நோர்மல். உங்களுக்குத்தான் கூட.”

சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நின்றபோது டயர் ஒவ்வொன்றையும் தொட்டுச் சூடு பார்த்தாள். புது டயர் பூட்டினால் கொஞ்சத் தூரம் ஓடியபின் நட்டுகளை இன்னொருக்கால் இறுக்க வேண்டும் என்று அவரைக்கொண்டு இறுக்குவித்தாள். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஹியூபேட் யாரோ கூலிக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

புத்தளம் தாண்டியதும் பின் இடப்பக்கச் சில்லில் ஆணி ஏறியது. புது டயர் உஸ்ஸென்று உட்கார்ந்தது.

பஞ்சருக்குச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் ஹியூபேட்டாகத்தான் இருக்கும். “பாத்தீரே, உம்மட புது டயர்! இப்ப ஆர் காப்பாத்தப் போறது?” வானுக்கு அடியில் புகுந்து தன் ஸ்பெயரை வெளியே எடுத்தார். வியர்க்க வியர்க்கப் பூட்டினார். கொன்ஸ்ரன்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நாலு இலக்கங்களை வாசித்தாள். அவர் சண்டைக்கு மறுமொழிகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சண்டை வரவில்லை.

அடுத்த சந்தியில் ஒரு டயர்க் கடை இருந்தது.

“நிப்பாட்டி ஆணி ஏறினதை ஒட்டுவிப்பமே? இது பழசு. கனதூரம் ஓடக்கூடாது.”

“பழசோ? இப்ப பாரும்!” என்றார் ஹியூபேட். மிதித்தார். கடை பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தது. வான்வீட்டுக்குள் கோப்பைகள் எல்லாம் சலங்கை கட்டின.

கொன்ஸ்ரன்ஸ் முன்னுக்கிருந்த மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு பயபக்தியான ஒரு குரலில் சொன்னாள்: “இஞ்சருங்கோ, ஒருக்கா ஓரமா நிப்பாட்டுங்கோ. மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கு.”

“என்ன நேர்த்தி?”

“இதில இருந்து மடு மட்டும் செபமாலை சொல்லிக்கொண்டு வாறதெண்டு நேந்தனான். நீங்கள் மறுமொழி சொல்லவேணும். வான் இரைஞ்சா உங்களுக்கு நான் சொல்றது கேளாது. மெல்லமாத்தான் போகவேணும்.”

மாதாவோடு ஹியூபேட் எப்படி வாதாடுவார்? நிறுத்தினார். நிறுத்தியதும் அவளுக்கு இன்னும் இரண்டு யோசனைகள் வந்தன. தாங்கித் தண்ணீர் பிளாஸ்ரிக் மணக்கிறதாம். குழாயைத் திறந்துவிட்டாள். தெருவோர வேப்பமரம் ஒன்று அவ்வளவையும் குடித்தது. இடப்பக்கம் வெயில் படுகிறது, காஸ் சிலிண்டரையும் அரிசிச் சாக்கையும் வலப்பக்கம் தள்ளச் சொன்னாள்.

“பயந்தாங்கொள்ளி மனுசி,” என்று முணுமுணுத்தபடி தள்ளினார்.

பிறகு செபமாலை. வான்வீடு ஊர்வலத்து மாதா சுரூபம்போல அசைந்து போனது. சைக்கிள்காரர் ஒருவர் முந்திக்கொண்டு போனார். போனவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு போனார்.

அனுராதபுரம் கடந்து ஒரு குளக்கட்டு. இடப்பக்கம் தாமரை பூத்த ஆழத் தண்ணீர். பாதிக் கட்டுக் கடந்திருப்பார்கள்.

டமார்!

வானின் பின்பக்கம் இடுப்பு ஒடிந்ததுபோல உட்கார்ந்தது. ஸ்ரியரிங் தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. ஹியூபேட்டின் கால் பிரேக்கைத் தேடியது.

“பிரேக்கை அமத்தாதேங்கோ! காலை எடுங்கோ! நேராப் பிடியுங்கோ, நேரா!”

பிடித்தார். வான்வீடு நொண்டி நொண்டிப் போய்க் கரைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றது. அதே நேரம் பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோனை அலறவிட்டபடி உரசுவதுபோலக் கடந்து போனது.

ஹியூபேட் இறங்கினார். டயரைப் பார்த்தார். பக்கம் வாழைப்பழத் தோல்போலக் கிழிந்து தொங்கியது. வெட்டு மட்டும் புத்தம் புதிதாக, விரல் விட்டால் உள்ளே போகும் ஆழத்தில் அப்படியே இருந்தது.

சற்று முன் தான் மிதித்த மிதியை நினைத்தார். இந்தக் கட்டையும் தண்ணீரையும் அந்தப் பஸ்ஸையும் நினைத்தார். கல்லில் இருந்துவிட்டார்.

கொன்ஸ்ரன்ஸ் போத்தல் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“டயரில காத்துப் போச்சு கொன்ஸி,” என்றார். “ஆனா மாதா காத்தா.”

“ஓம், காத்தா. கொஞ்சம் அந்த வேப்பமரமும் காத்தது.”

“எந்த வேப்பமரம்?”

“பழைய டயரில வேகமும் கூடாது, பாரமும் கூடாது. தண்ணி போனதில பின்பக்கம் பாதிப் பாரம் குறைஞ்சுது. காஸையும் அரிசியையும் மற்றப் பக்கம் தள்ளிவிச்சனான்.”

ஹியூபேட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அந்த நேர்த்தி?”

“அதுதான் இப்ப, உங்களை உயிரோட கண்டாப் பிறகு, உண்மையா நேந்தனான்.”

“ஏன் நேரடியாச் சொல்லேல்லை?”

“சொன்னனான். சொன்னவுடன மிதிச்சீங்கள்.”

ஹியூபேட் அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “தாங்ஸ் கொன்ஸி,” என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் மருந்துக்கும் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த ஒரு சொல்லில் சேர்ந்து வந்தது. அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தாமரையைப் பார்த்தாள்.

முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. “மொகத வுணே அங்கிள்?” என்று, என்ன நடந்ததெனச் சிங்களத்தில் கேட்டபடி இறங்கினார் அதன் சாரதி. “டயர் எக கியா மல்லி,” என்று கிழிந்த டயரைக் காட்டினார் ஹியூபேட். அந்தச் சிங்களத் தம்பி ஆணி ஏறிய சில்லையும் அவரையும் ஏற்றிக்கொண்டுபோய், கடையில் நின்று ஒட்டுவித்து, திரும்பக் கொண்டுவந்து தானே பூட்டியும் விட்டார். கொன்ஸ்ரன்ஸ் கொடுத்த கேக் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அதற்கும் ஹியூபேட் நன்றி சொன்னார். சொல்லத் தொடங்கினால் சொல்ல வேண்டிய ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

மடுவில் முதல் வேலையாகக் கோயிலுக்குள் போய் முழந்தாளில் நின்றார். கனநேரம் எழும்பவில்லை.

மறுநாள் வெளியே வந்தபோது மனிதர் வேறு ஆள். மரங்களுக்குக் கீழே கூடாரங்களும் வாகனங்களும் நிறைந்திருந்தன. தான் பெற்ற அறிவை உலகத்துக்கு அறிவிக்காமல் இருப்பது நன்றிகெட்ட வேலை என்று பட்டது. பக்கத்துக் கூடாரத்தில் மன்னாரிலிருந்து வந்த யேசுரட்ணம் என்பவர் சும்மா இருந்தார். ஹியூபேட் அவரிடம் போய் இருந்தார்.

“தம்பி, வெட்டைப் பாத்து ஏமாறக்கூடாது. டயரின்ட பக்கத்தைப் பாக்கவேணும்.”

“ஓம் ஐயா.”

“அதில நாலு இலக்கம் இருக்கும். அதுதான் வயசு. காத்து ஆறியிருக்கேக்கை பாக்கவேணும். ஸ்பெயர்தானே எண்டு நினைக்கக்கூடாது, அதுவும் நல்லதா இருக்கவேணும். வெடிச்சா பிரேக்கை அமத்தக்கூடாது.”

“அப்பிடியோ ஐயா!”

“இவ்வளவும் என்ர மனுசி சொல்லித் தந்தது. அவ இல்லாட்டி நான் இண்டைக்கு இஞ்ச இல்லை.”

“ஓம் ஐயா.”

வெயில் ஏறியது. ஹியூபேட் நிறுத்தவில்லை. யேசுரட்ணம் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஹியூபேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

“தம்பி, என்ர வாழ்க்கையில நான் சொல்றதை இவ்வளவு பொறுமையா ஒருத்தரும் கேட்டதில்லை. உமக்கு நான் நன்றி சொல்லவேணும்.”

யேசுரட்ணம் கூச்சத்தோடு சிரித்தார்.

“அக்காவுக்குச் சொல்லுங்கோ ஐயா. ‘என்ர மனுசன் வந்து டயரைப்பற்றிக் கதைப்பார், தெரியாத மாதிரி ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருங்கோ, நான் சமையலை முடிச்சிட்டு வந்து கூட்டிக்கொண்டு போறன்’ எண்டு விடியவே வந்து சொல்லிப்போட்டுப் போனவ.”