கமாண்டருக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

படம் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு முப்பத்தொரு வயதுவரை தெரியாமல் இருந்தது. அதன் விளைவாக, கடலூர் முதுநகரில் என் முகத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டப்பட்டது. அச்சடிக்கக் கொடுத்தவனும் நான்தான்.

‘ஏழாம் கோள்’ என்று ஒரு விண்வெளிப் பட வரிசை. வெளிநாட்டுக்காரர்கள் எடுப்பது, நமக்குத் தமிழ் பேசி வரும். அதில் கமாண்டர் டோரன் என்பவர் எட்டுப் பாகமாகப் பூமியைக் காப்பாற்றினார். எட்டுப் பாகத்திலும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றியதே இல்லை. சாப்பிடும்போதுகூட. (எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்பவர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.) டப்பிங்கில் அவர் சுத்தமான சென்னைத் தமிழ் பேசுவார். வேற்றுக்கிரகத்து ராணியைப் பார்த்து, “இந்தாம்மா, ஓரமா நில்லு” என்பார். எனக்கு அதெல்லாம் வேதவாக்கு.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தவர் சேகர் மாமா. அம்மாவின் தம்பி. என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். சிதம்பரம் கீழ வீதியில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறைக்குப் போனால் மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு சிடி போடுவார். விற்பனைக்கு வைத்திருக்கும் ஹெல்மெட்டில் எனக்கொன்று, அவருக்கொன்று. போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பார்ப்போம். நான் வேலைக்குப் போன பிறகும் வழக்கம் மாறவில்லை. புதுப் பாகம் வந்தால் அவர் கடலூருக்கு வருவார், அல்லது நான் சிதம்பரத்துக்குப் போவேன். முதல் காட்சியில் அடுத்தடுத்த சீட்.

ஒன்பதாம் பாகத்துக்கு மட்டும் அது நடக்கவில்லை. அவருக்குக் கடையில் சரக்கு வந்து இறங்கியது. அதனால் அவர் அங்கே பார்த்தார், நான் இங்கே பார்த்தேன்.

இருபதாவது நிமிடத்தில் கமாண்டர் செத்துப்போனார். சண்டையில் செத்திருந்தால்கூட மனதைத் தேற்றியிருப்பேன். ஆக்ஸிஜன் குழாயில் ஓட்டை. அவ்வளவுதான். எஞ்சின் பார்க்கும் ஒரு சின்னப் பெண் வந்து அவர் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைப் பார்த்து அழுகிறாள். நமக்கு அந்த முகத்தைக் காட்டவில்லை. மீதி இரண்டு மணி நேரமும் அந்தப் பெண்தான் கப்பலை ஓட்டினாள். எனக்கு அப்பா இறந்தபோது வராத கோபம் அன்று வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மாவட்டம் முழுவதற்கும் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. குறிஞ்சிப்பாடியில் மூன்று பேர், குமராட்சியில் ஒருவர் என்று எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர். பெயர் மட்டும் ‘ஏழாம் கோள் ரசிகர் பேரவை’. படம் முடிந்து நான் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுப்பதற்குள் அதில் மாமாவின் செய்தி வந்திருந்தது.

“படம் சூப்பர். அந்தப் பொண்ணு கலக்கிட்டா. கமாண்டர் போனது சரிதான், எத்தன நாளைக்கு அவரே ஓட்டுவாரு?”

நான் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி நான்கு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் நோட் பேசினேன். கதை, லட்சியம், துரோகம் என்று எங்கெங்கோ போய்க் கடைசியில், “பிரேக் ஷூவும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் விக்கிறவங்களுக்குக் கதையப் பத்தி என்னா தெரியும்?” என்று முடித்தேன். அவருக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். பதினான்கு பேரும் கேட்கும்படி குழுவில் போட்டேன்.

மாமா குழுவைவிட்டு வெளியேறினார். மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து, கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

கல்யாணம் என்றால் என் தங்கை வித்யாவின் கல்யாணம். அடுத்த மாதம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணமேடை ஏறுவாள். வித்யாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அப்பாவும் இல்லாத வீடு. அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை.

“எவனோ வெளிநாட்டுக்காரன் செத்ததுக்கு என் தம்பிய என்கிட்டயிருந்து பிரிச்சிட்டியேடா. ஒரு போன் பண்ணி, தப்பு மாமான்னு சொன்னா உன் வாய் தேஞ்சா பூடும்?”

“அவுருதாம்மா தப்பா சொன்னாரு,” என்றேன். முப்பத்தொரு வயது ஆள், வேலைக்குப் போகிறவன், இப்படித்தான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக நான் போராட்டத்தில் இறங்கினேன். கமாண்டருக்கு முறைப்படி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டுவது என்று நானும் என் நண்பன் அந்தோணியும் முடிவு செய்தோம். மேலே கமாண்டரின் படம் பெரிதாக, கீழே வருந்தும் ரசிகர்களின் முகங்கள் சின்னதாக. வருந்துவதற்கு மற்றவர்கள் யாரும் போட்டோ தரவில்லை. அந்தோணி, வீட்டில் அடிப்பார்கள் என்று சொல்லிவிட்டான். கடைசியில் வருந்துபவன் நான் ஒருவன்தான். வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க எடுத்து வைத்திருந்த என் நல்ல போட்டோவை அச்சகத்துக்கு அனுப்பினேன். கூடவே ஹெல்மெட் போட்ட கமாண்டரின் படத்தையும் அனுப்பினேன்.

அச்சகத்தில் டிசைன் செய்பவர் ஏழாம் கோள் பார்த்ததில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்தவர். முகம் தெரியாத போட்டோவை யாரும் அஞ்சலிக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். ஒரு இளைஞனின் படம், ஒரு ஹெல்மெட் படம் இரண்டையும் பார்த்து அவர் என்ன நடந்திருக்கும் என்று தானே புரிந்துகொண்டார். பையன் பாவம், ஹெல்மெட் போடாமல் போய்விட்டான். ஆகவே என்னைப் பெரிதாக நடுவில் வைத்துச் சுற்றிலும் மல்லிகைப்பூ வளையம் போட்டார். கமாண்டரைக் கீழ் மூலையில் வைத்து, ‘தலைக்கவசம் அணிவீர், உயிரைக் காப்பீர்’ என்று ஒரு வரியைத் தன் அன்பளிப்பாகச் சேர்த்தார்.

இத்தனைக்கும் அவர் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார். அந்த நேரத்தில் நான் படத்தைத் திட்டி மூன்றாவது விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். திறந்து பார்க்காமலே ‘ஓகே’ என்று போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வைத்து ஒட்டினார்கள். உள்ளே கமாண்டர் டோரன் என்றுதான் பெயர் இருந்தது. ஆனால் அஞ்சலி போஸ்டரில் பெயரை யார் படிக்கிறார்கள்? முகத்தைப் பார்ப்போம், தெரிந்த முகம் என்றால் ‘ஐயோ’ என்போம்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவும் வித்யாவும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தார்கள். அம்மா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருந்தார். நான் வீட்டில் தனியாக இருந்தேன். பத்து மணிவாக்கில் மாமாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று கட் செய்தேன். திரும்ப வந்தது. கட் செய்தேன். மூன்றாவது முறையும் செய்துவிட்டு, போனை சைலண்ட்டில் போட்டு வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன்.

பன்னிரண்டரைக்குச் சங்கரா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மாமா நின்றிருந்தார். சட்டைப் பட்டன் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. காலில் செருப்பு இல்லை. கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை.

நான் வாயில் சோற்றோடு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முழுங்கிவிட்டு, “வாங்க மாமா, சாப்புடுறீங்களா?” என்றேன். வேறு என்ன கேட்பது?

மாமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து என் முகத்தைத் தடவினார். தடவிய அதே கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார். கடைக்குத் தினமும் வந்துபோகும், என்னையும் தெரிந்த ஒரு மெக்கானிக், அன்று கடலூருக்கு வந்த இடத்தில் போஸ்டரைப் படமெடுத்து ‘ஆழ்ந்த இரங்கல் அண்ணே’ என்று அனுப்பியிருக்கிறார். மாமா தன் போனை நீட்டிய பிறகுதான் என் அஞ்சலியை நானே பார்த்தேன். போட்டோ நன்றாகத்தான் விழுந்திருந்தது.

“அக்கா எடுக்கல. நீ கட் பண்ணிகினே இருந்த,” என்றார். “ஆஸ்பத்திரில யாரோ உன் போன வச்சிகினு கட் பண்றாங்கன்னு நெனச்சேன்டா.”

என் எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது.

“பஸ்ல ஏறி உக்காந்தா உன் குரலக் கேக்கணும்போல இருந்திச்சு. தேடுறேன், தேடுறேன், அந்த வாய்ஸ் நோட்ட விட்டா உன் குரல்னு என்கிட்ட வேற ஒண்ணுமே இல்ல. புதுச்சத்திரம் தாண்டி வர்ற வரைக்கும் அதயேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுகினு வந்தேன். பிரேக் ஷூ விக்கிறவனுக்கு என்னா தெரியும்னு நீ கேக்குற. நான் கண்ணு தொடச்சிகினு கேட்டுகினு வரேன். பக்கத்து சீட்டு அம்மா தண்ணி குடுக்குறாங்க.”

அன்று சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு அவர் காலில் விழுந்தேன். விழும்போது, “தப்பு மாமா” என்றேன். வாய் தேயவில்லை.

அம்மா வந்து விஷயம் தெரிந்ததும் எனக்கு இரண்டாவது அறை கிடைத்தது. உச்சி வெயிலில் நானும் அந்தோணியும் என்னைச் சுவர் சுவராகக் கிழித்து எடுத்தோம். டீக்கடைக்காரர் ஒருவர், “தம்பி, செத்தவன் போஸ்டர கிழிக்காத, பாவம்” என்று தடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

மாலைதான் மிச்சம். சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அம்மா கத்தினார். மாமா கொஞ்சம் யோசித்து, “யாருக்குச் சேரணுமோ அவுருக்கே போட்டுடலாம் வா” என்றார். இருவரும் தியேட்டருக்கு நடந்தோம். வாசல் பேனரில் ஹெல்மெட்டோடு நின்ற கமாண்டருக்கு, வாட்ச்மேனின் ஸ்டூலை வாங்கி, மாலையைப் போட்டுக் கும்பிட்டோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மேட்னிக்கு டிக்கெட் எடுத்தோம். அடுத்தடுத்த சீட். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றும் இடத்தில் மாமா மறுபடி அழுதார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

அடுத்த மாதம் மாமா வந்தார். வித்யாவுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். போகிற போக்கில் என் காதருகே, “இது உனக்கு வாங்குனதவிட பெரிய மாலடா” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு எது பிடிக்கவில்லை என்றாலும், சாம்பாரில் உப்பு குறைவு என்றால்கூட, “போஸ்டர் ஒட்டிடலாமா?” என்றுதான் கேட்பார்கள். வித்யாவின் மகனும் இப்போது கேட்கிறான். மாமா போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை. “உசுரோட இருக்கியா?” என்பார். நான் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

சமீபத்தில் பத்தாம் பாகம் வந்தது. மாமா கடையைச் சாத்திவிட்டுக் கடலூர் வந்தார். படம் முடிந்து விளக்கு போட்டும் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பிடித்த அந்தப் பெண்ணைப் பாதிப் படத்தில் வேறு கிரகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

“மாமா, உசுரோட இருக்கீங்களா?” என்றேன்.

“நான் இருக்கேன். படந்தான் செத்துடிச்சி. உனக்கு எப்பிடி?”

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “சுமார்தான் மாமா,” என்றேன். ஏழாம் கோள் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. அவரைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“புடிச்சிருக்குன்னா புடிச்சிருக்குன்னு சொல்லேன்டா. பஸ்ல சும்மாதான போறேன். வாய்ஸ் நோட் போடு, கேட்டுகினே போறேன்.”

பஸ் திரும்புவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டேன். நான்கு நிமிடத்துக்குக் குறையாமல் பேசினேன்.