கலியாண மேடையில் கிளியோபாட்ரா

சரித்திரம் படித்தவன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்துத் தொலைத்துவிட்டால், அவன் கதையை முடிப்பதற்குள் பிடுங்கிவிட வேண்டும். பாரீஸ் தமிழர்கள் இதை என்னால்தான் கற்றுக்கொண்டார்கள்.

2011. பழைய ரோமாபுரியின் அரசியலை ஆராய மதுரையிலிருந்து போயிருந்தேன். எட்டு மாதமாக என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தமிழ் கேட்க வேண்டும் போலிருந்தால் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் போய், பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மளிகைக் கடையில் முருங்கைக்காய் விலை விசாரிப்பேன். (என் அறையில் அடுப்பே கிடையாது.) கடைக்கார அண்ணை அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"தம்பி, வாற சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம், பாரீசுக்கு வெளியில ஆர்ஜொந்தெயில. கட்டாயம் வரவேணும். படிச்ச பிள்ளை நீங்கள், ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசவும் வேணும்."

பிரான்சில் எனக்கு வந்த முதல் அழைப்பு. அன்று நன்றாகப் பேசிவிட்டால், போய்வர ஒரு வீடாவது கிடைக்கும் என்ற ஆசையில் அறைச் சுவருக்கு முன்னால் நின்று நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன். சுவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

தாலி கட்டியாயிற்று. மைக் வந்தது. மணமக்களை ஆண்டனி, கிளியோபாட்ராவோடு ஒப்பிட்டேன். அவரை மதுவின் கடவுளாகவும் அவளை எகிப்தின் தாய்த்தெய்வமாகவும் கும்பிட்டார்கள் என்றதும் ஒரே கைதட்டல். அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆராய்ச்சி மாணவன் பாதியில் நிறுத்துவானா? ஆக்டியம் கடற்போருக்குப் போனேன். அவள் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போனதையும், இவர் படையை அம்போவென்று விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடியதையும் சொன்னேன். "அதோட ரோமக் குடியரசும் போச்சு, ஒரே ஆள் ஆட்சி வந்துடுச்சு!" என்றேன் உற்சாகமாக. பிறகு அவருடைய வாள். பிறகு அவளுடைய பாம்பு.

"அப்ப ரெண்டு பேரும் செத்துப்போச்சினமோ?" என்று மணப்பெண்ணே கேட்டாள்.

"ஆமாங்க. ஆனா ஒரே நாள்ல இல்ல" என்று திருத்தினேன்.

பெண்ணின் தாய்மாமன் துள்ளி எழுந்து விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். அபசகுனமான சொல் மணமக்கள் காதில் விழக் கூடாதல்லவா? சோடா குடித்துக்கொண்டிருந்த தவில்காரர் போத்தலை வைத்துவிட்டு ஓடிவந்து அடி அடியென்று அடித்தார். எகிப்து ரோமின் மாகாணமான விவரம் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சாப்பிடாமலே நழுவி ரயிலேறினேன். கிடைத்த ஒரே வீட்டையும் வாயால் கெடுத்துக்கொண்டேனே என்று அழுகை வந்தது.

மூன்று வாரம் லா சப்பல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான்காம் வாரம் அண்ணையே போன் செய்தார். "ஏன் தம்பி சாப்பிடாமல் போனனீங்கள்? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கோ. எங்கட கிளியோபாட்ராவும் வருவாள்."

போனேன். இன்றும் போகிறேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டு மேசையில் நான் தொண்டையைச் செருமினால் போதும், மொத்தக் குடும்பமும் "கெட்டிமேளம்!" என்று கத்திக்கொண்டு தட்டில் கரண்டியால் அடிக்கும். அதற்காகவே சில ஞாயிறுகளில் வேண்டுமென்றே ரோமாபுரியைத் தொடங்குகிறேன். என் அறையில் கதையை முடிவுவரைக்கும் சொல்லலாம், நிறுத்த ஆளில்லை.