எத்தோரே பேட்டரி திருடிய கதை

பேட்டரி என்பது டார்ச் லைட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் மட்டுமே. இந்த வீட்டில் எந்தச் சைக்கிளிலும் அது ஏறக் கூடாது. மனிதர்களைவிட மலைச் சைக்கிள்கள் அதிகம் குடியிருக்கும் ஃபினாலே ஊரில், எத்தோரே இப்படி ஒரு சட்டம் போட்டான். சட்டம் போட்டபோது மனைவி இல்வா வீட்டில் இல்லை. அதனால் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாளே இல்வாவின் சைக்கிளில் அந்தச் சனியன் ஏறி உட்கார்ந்திருந்தது. கியரை இழுக்கும் கேபிள் கிடையாது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. கைப்பிடியில் ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

"என்னது இது?"

"எலெக்ட்ரானிக் கியர். தூலியோ கடையில மாட்டினேன்."

"யாரைக் கேட்டு மாட்டின?"

"என் கட்டைவிரலைக் கேட்டேன். அது சரின்னுச்சு."

இல்வாவுக்குச் சந்தையில் மீன் கடை. அவள் குடல் எடுத்த நெத்திலிகளை வரிசையாக அடுக்கினால் ரோமாபுரி வரை போய், போப்பாண்டவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வரலாம். அத்தனைக்கும் உழைத்தது வலது கட்டைவிரல். கேபிள் கியரை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அது உயிரை வாங்கியது.

"கேபிள் நாணயமானது இல்வா. இழுத்தா வரும். சார்ஜ் போடுன்னு வாசல்ல நின்னு அழாது."

"நீகூடத்தான் இழுத்தா வர்ற. அதுக்காக உன்னையா சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போக முடியும்?"

எத்தோரே வாதாடியது கேபிளுக்காக. ஆனால் அவனை அரித்தது வேறு. வாரம் முழுக்க அந்த வீட்டுக்கு இல்வாதான் எசமானி. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எத்தோரே டாக்டர். அவள் சைக்கிளைக் கொக்கியில் தொங்கவிட்டு, செயினில் காது வைத்து, நாடி பிடித்து, கேபிளின் திருகை அரைச் சுற்றுத் திருப்பி, "ம்ம்" என்பான். இல்வா ஒரு கிளாஸ் வெள்ளை ஒயினும் சுடச்சுடக் கடலைமாவு அடையும் கொண்டுவந்து வைப்பாள். பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவாள். "உன்ன விட்டா இந்த வேலைக்கு யாருய்யா இருக்கா?" என்பாள்.

புதுக் கியருக்கு வைத்தியமே தேவைப்படவில்லை. முதல் சனிக்கிழமை ஒயின் வரவில்லை. அடையும் வரவில்லை. அடுத்தடுத்த வாரமும் அதே கதை. எத்தோரே காலிக் கொக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தச் சனியனை ஒழிக்காவிட்டால் இந்த வீட்டில் தனக்கும் பூனைக்கும் வித்தியாசம் இருக்காது என்று தோன்றியது. பூனையாவது எலி பிடிக்கிறது.

"இல்வா, ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழமை மலை உச்சியிலேருந்து கடல் வரைக்கும் இறங்குவோம். வழியில ஒரே ஒரு தடவை உன் கியர் மக்கர் பண்ணினாலும் கழட்டிக் கொடுத்துடணும்."

"பண்ணலைன்னா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"அதுல என்ன புதுசு?"

"ஒரு வருஷம், வாயைத் திறக்காம கேக்கறேன்."

"அது புதுசு. சரி, பந்தயம்!"

ஃபினாலேயில் யாரும் மலைமேல் மிதித்து ஏறுவதில்லை. வேன் ஏற்றிவிடும்; பின்னால் டிரெய்லரில் சைக்கிள்கள் குலுங்கிக்கொண்டே வரும். ஞாயிறு காலை எத்தோரே ஜன்னலோர சீட்டுக்கு முண்டியடித்து ஏறிவிட்டான். இல்வா தன் சைக்கிளைத் தானே ஏற்றிவிட்டு நிதானமாக வந்து உட்கார்ந்தாள்.

உச்சியில் எல்லோரும் காப்பிக் கடையில் மொய்த்தார்கள். எத்தோரே டிரெய்லரைச் சுற்றி இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். இல்வாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஷூ நாடாவைக் கட்டுகிறவன் போலக் குனிந்தான். பின்சக்கரத்தருகே இருந்த சின்னக் கொக்கியைத் தள்ளினான். கறுப்புக் கட்டி கையோடு வந்தது. பைக்குள் போட்டான். இறகு மாதிரி இருந்தது. 'இவ்வளவு லேசான சாமானுக்கா இவ்வளவு ஆட்டம்!' என்று ஏளனமாகச் சிரித்துக்கொண்டான்.

இல்வா வந்து தன் சைக்கிளை இறக்கினாள். பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"அட, காணோமே!"

"என்ன காணோம்?" வீட்டுக் கண்ணாடி முன் பழகிவைத்திருந்த சோக முகத்தை எத்தோரே எடுத்து மாட்டினான். "பேட்டரியா? ஐயையோ! வழியில விழுந்திருக்கும். கேபிள் என்னைக்காவது விழுந்திருக்கா சொல்லு? விடு, அழாத. நாளைக்கே பழைய கியரை..."

இல்வா சட்டைப்பைக்குள் கையை விட்டாள். பேட்டரியை எடுத்தாள். 'டக்' என்று மாட்டினாள். பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

"வேன்ல ஏத்தும்போதே பேட்டரியைக் கழட்டிடணும் எத்தோரே. டிரெய்லர் குலுங்கினா, நாம ஓட்டறோம்னு நெனச்சு இது முழிச்சுக்கிட்டே கெடக்கும். மேல வர்றதுக்குள்ள சார்ஜ் கரைஞ்சுடும். இந்தக் கியர் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப... அங்க இருந்தது?"

"சேறு போகாம இருக்க, அந்த எடத்துல சொருகி வைக்கிற பிளாஸ்டிக் கட்டை. அதைப் போயி எவனோ திருடியிருக்கான் பாரேன். எவ்வளவு பெரிய மூளைக்காரனா இருக்கணும்!"

எத்தோரேயின் பையில் இருந்த இறகு அம்மிக்கல்லாயிற்று.

இறக்கம் தொடங்கியது. அவமானத்தை மறக்க எத்தோரே கண்மண் தெரியாமல் பறந்தான். பாதி மலையில் பாதை திரும்பி ஒரு மேட்டில் ஏறும். அங்கே கியரை அழுத்தினான். 'படக்!' பல வாரமாக மனைவியின் கியரையே நினைத்துக்கொண்டிருந்தவன், தன் கேபிள் நைந்து நூலாகியிருந்ததைப் பார்க்கவில்லை. செயின் ஆகச் சின்னப் பல்சக்கரத்தில் போய் விழுந்தது. அதில் மேடு ஏறுவது ஜெனோவா துறைமுகத்துக் கப்பலைப் பல்லால் இழுப்பதற்குச் சமம். இறங்கித் தள்ளினான்.

பின்னால் 'டிக், டிக்' என்று சத்தம். இல்வா, கல்யாண ஊர்வலம் போகிறவள் போல, அவனைக் கடந்து ஏறிப் போனாள். மேட்டின் உச்சியில் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தாள்.

"நாணயமான கேபிள் என்னாச்சு?"

"நாணயமா அறுந்துபோச்சு."

"சரி, அந்தக் கட்டையைக் கொடு. அடுத்த தடவை வேன்ல ஏத்தும்போது வேணும்."

எத்தோரே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்மலை ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தன.

"ஏன்யா இப்படிப் பண்ணின?"

"சனிக்கிழமை ஒயின் நின்னுபோச்சு," என்றான் எத்தோரே தரையைப் பார்த்து.

இல்வாவின் சிரிப்பு நின்றது. "மடையா! ஒயின் கேபிளுக்குன்னா நெனச்ச? மலைக்கு வந்தா நீ முன்னாடி பறந்துடுவ. உன் முதுகைத் தவிர நான் எதைப் பாத்தேன்? வாரத்துல அந்த ஒரு சாயங்காலந்தான் நீ ஒரு எடத்துல உக்காருவ. அதுக்குத்தான் ஒயினு."

எத்தோரே மூக்கை உறிஞ்சிக்கொண்டான். மீதி வழியெல்லாம் அவள் மெதுவாக வந்தாள். அவன் பக்கத்திலேயே உருட்டினான். கடல் வந்ததே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒயின் வந்தது. அடை வந்தது. கூடவே எத்தோரேயின் சைக்கிளும் தூலியோ கடையிலிருந்து வந்தது, பின்னால் புத்தம் புது எலெக்ட்ரானிக் கியரோடு. எத்தோரே குழந்தைபோல் ஓடிப் போய்க் கைப்பிடியைத் தடவினான். மறுபடி தடவினான்.

"இல்வா, பொத்தான் எங்க?"

"என் சைக்கிள்ல, இடது பக்கம்."

"என் கியருக்கு உன் கையிலயா பொத்தான்?"

"கம்பி இல்லாததுல அதானே வசதி! தூலியோ ரெண்டையும் ஜோடி சேத்துட்டான். தள்ளிப் போனா வேலை செய்யாதாம், பக்கத்துலயே வா. மேடு வந்தா நான் பாத்துக்கறேன், நீ மிதி. ஒரு வருஷத்துக்கு."

எத்தோரே வாயைத் திறந்தான். பந்தயம் நினைவுக்கு வந்தது. திறந்த வாயில் ஒரு துண்டு அடையை வைத்து மூடிக்கொண்டான்.

இப்போது ஃபினாலேயில் அவர்களை எங்கே பார்த்தாலும் ஜோடியாகத்தான் பார்க்கலாம். "ஏம்ப்பா எத்தோரே, இந்த எலெக்ட்ரானிக் கியர் போட்ட காசுக்குத் தகுமா?" என்று யாராவது கேட்டால், "கண்ணை மூடிக்கிட்டு வாங்கு. வெண்ணெய் மாதிரி மாறுது" என்கிறான்.

மாற்றுவது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.