மச்சானின் குரலுக்கு ஒரு பியூஸ்

மச்சானின் பாட்டைக் காரிலிருந்து ஒழித்துக்கட்டுவது என்று அவர் முடிவெடுத்தபோது, மச்சான் நான்காவது பாட்டில் மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மனைவியின் அண்ணன் சொந்தச் செலவில் பாடி வெளியிட்ட சிடி. தினமும் காலையில் பல் டாக்டரான அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும் வரை இந்தக் கச்சேரிதான். அவள் கண்ணை மூடித் தலையாட்டுவாள். நடுநடுவே பிளேயர் திக்கி இரண்டு வரியை விழுங்கும். அந்த இரண்டு வரிதான் அவருக்கு ஆறுதல்.

அன்று மாலை ஸ்டியரிங்குக்கு அடியில் கையைவிட்டு, பிளேயருக்குக் கரண்ட் தரும் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துத் தேறுமா, தேறாதா என்று எழுதுவதுதான் அவர் உத்தியோகம். அவர் வாக்குக்கு அப்பீல் கிடையாது.

"பிளேயர் தேறாதும்மா" என்றார் மனைவியிடம், இழவு வீட்டுக் குரலில்.

"திறந்து பாத்தீங்களா?"

"பாக்கணுமா? எத்தனை வண்டி பாத்திருக்கேன்."

"நானும் எத்தனையோ வாய் பாத்திருக்கேன். திறக்காம சொன்னதில்ல."

ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் விளக்கும் கையில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியுமாக அவள் காரில் ஏறினாள். பாவம், முயன்று பார்க்கட்டும் என்று, அன்றைய சட்டைப்பைக்கு மாற்றிவைத்த பியூஸோடு அவர் கதவோரம் சாய்ந்து நின்றார்.

இரண்டு மெல்லிய தகடுகளைப் பிளேயரின் பக்கத்துக்கு ஒன்றாகச் சொருகினாள். அது கடைவாய்ப் பல்லைப்போல வெளியே வந்தது. ஒயர்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பச்சை ஊரே இருந்தது. தெருத்தெருவாகச் செம்புக் கோடுகள், நடுவில் மணத்தக்காளிப் பழம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண்.

"லென்ஸ். இதுல தூசி. அதான் திக்கிச்சு" என்றாள்.

பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட். தூங்கும் குழந்தையின் இமையைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். அவர் சாய்ந்திருந்ததை மறந்து நிமிர்ந்துவிட்டார். இத்தனை வருஷம் இந்தக் கைகள் தனக்குக் காபி கொடுத்ததை மட்டுமே பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. திருகாணி ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஒரு ஒயர்கூட இடம் மாறவில்லை. சாமி சன்னதியில் நிற்பவர்போல வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

திரும்பப் பொருத்திச் சாவியைத் திருப்பினாள். பிளேயரில் விளக்கு எரியவில்லை.

அவருக்கு உயிர் வந்தது. "நான்தான் சொன்னேனே."

அவள் குனிந்து, கண்ணாடியை ஸ்டியரிங்குக்கு அடியில் நீட்டினாள். "இங்க ஒரு பல்லைக் காணோமே."

"தானா விழுந்திருக்கும்."

"பால் பல்லுதான் தானா விழும். இது பிடுங்கினது." நெற்றி விளக்கு மெல்லத் திரும்பி அவர் முகத்தில் நின்றது. "சரி, விடுங்க. பிளேயர் இல்லாட்டி என்ன? நாளையிலேருந்து அண்ணனே நம்மகூட வரட்டும். பின் சீட் சும்மாத்தானே கிடக்கு. நேர்ல பாடினா பியூஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நேரில் பாடினால் திக்காது. வால்யூமைக் குறைக்கவும் வழியில்லை. முக்கியமாக, பாட்டு முடிந்ததும் 'எப்படி மாப்ளே?' என்று கேட்பார்.

"கொஞ்சம் இரு" என்று அவர் மண்டியிட்டு, கால்மிதிக்கு அடியில் துழாவினார். துழாவிய கை வழியில் சட்டைப்பைக்கும் போய்வந்தது. "அட, இங்கதான் கிடக்கு பாரு." தன் கையாலேயே அதைச் சொருகினார்.

விளக்கு எரிந்தது. மச்சான் கிளம்பினார். ஒரு வரி விடாமல், ஒரு மூச்சு விடாமல், கண்ணாடிபோலத் துல்லியமாக. இதுவரை பிளேயர் விழுங்கிய வரிகளெல்லாம் வரிசைகட்டி வந்தன.

"பிரமாதம்" என்றார் அவர். வேலையைத்தான் சொன்னார், அது மனசாரச் சொன்னது. "அப்ப உங்க அண்ணனை வர வேண்டாம்னு சொல்லிடு."

"அவர் எங்க வர்றது?" அவள் நெற்றி விளக்கை அணைத்தாள். "தொண்டை கட்டிக்கிட்டு ஒரு வாரமா அவருக்குப் பேச்சே வரல."