கிளைவ் தெளிவாக எழுதினார்

"இப்படிப் பாத்தா எங்க வீட்டு மைக்ரோவேவ்கூட சூதாட்ட மிஷின்தான் சார்!" என்று கான்பராவிலிருந்து போனில் சிரித்தாள் நொய்லீன். காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர்.

சிட்னியில் காப்புரிமை வக்கீல் கிளைவுக்குக் காது சிவந்தது. மெர்வ் என்பவரின் புதுச் சூதாட்ட இயந்திரத்துக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்த உரிமைக் கோரிக்கை அது. 'பயனரின் செயலுக்கேற்ப ஒரு விளைவை ஏற்படுத்தவல்ல ஓர் அமைப்பு.' இப்படி வழவழா கொழகொழாவென்று எழுதினால்தான் போட்டிக் கம்பெனி எதுவும் தப்ப முடியாது என்பது காப்புரிமை வக்கீல்களின் வேதம்.

"இந்தக் காப்புரிமையை வாங்கித் தரலேன்னா, பங்குதாரர் ஆகுற ஆசையை மறந்துடு," என்று முதலாளியம்மா கிளெனிஸ் காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தாள்.

கிளைவ் 'பரிசு தரவல்ல' என்று ஓர் ஒட்டுப் போட்டு அனுப்பினார்.

"எங்க பப்புல வெள்ளிக்கிழமையானா சீட்டுக் குலுக்கி ஒரு தட்டுக் கறி பரிசு குடுக்கறாங்க. அதுக்கும் மெர்வ்கிட்ட அனுமதி கேக்கணுமா?"

'மின்சாரத்தால் இயங்கும்' என்று இன்னோர் ஒட்டு.

"குலுக்கலை கம்ப்யூட்டருக்கு மாத்தியாச்சே! போன வாரம் நான்கூட சாசேஜ் ஜெயிச்சேன்."

"உனக்கு என்னதாம்மா வேணும்?"

"மிஷின் என்ன செய்யுதுன்னு சொல்லுங்களேன்!"

அது கிளைவுக்கே தெரியாது! இத்தனை வருஷத் தொழிலில் ஒரு மிஷினையும் அவர் தொட்டதில்லை. மானத்தை விட்டு மெர்வின் பட்டறைக்குப் போனார். மெர்வ் மீன் பிடிக்கப் போயிருந்தார். அவர் மனைவி திறந்துவிட்டாள். கிளைவ் மத்தியானம் முழுக்க மிஷினின் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். மூன்று உருளைகளில் ஈமு கோழிப் படம் வரிசையாக வந்தால் நான்காவது உருளை மட்டும் பின்பக்கமாகச் சுற்றுகிறது. அதில் முட்டை வந்தால் பரிசு இரட்டிப்பு. அதை அப்படியே எழுதினார். கை கூசியது, பாவம்.

"இப்பதான் சார் பளிச்சுன்னு புரியுது!" என்றாள் நொய்லீன். "என்ன மிஷின்னே தெரியாம இவ்வளவு நாள் எதைத் தேடறது? இதையே முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களான்னு இப்ப தேடிப் பாத்துடறேன்."

கிளைவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பீர் வாங்கிக்கொண்டு மெர்விடம் ஓடி, நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்க மெர்வின் முகம் வெளுத்தது.

"அடப்பாவி மனுஷா! இது பக்கத்து ஊர் கிளப் மிஷினைப் பாத்து அப்படியே காப்பியடிச்சது. ஒருத்தருக்கும் புரியாம எழுத உங்களை விட்டா சிட்னியில ஆளில்லைன்னு சொன்னாங்களேன்னுதானய்யா உங்ககிட்ட வந்தேன்!"