லூபே அக்கா அனுப்பிய எண்கள்

"நூத்தி ஒன்பது. அவ்வளவுதானா? வேற ஒண்ணும் எழுதலையா?"

சாமிசோனி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

படகுக்காரர் கெஃபு கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார். "லூபே அக்கா பொண்ணு கரைக்கு வந்து குடுத்துச்சு. மாமாகிட்ட சேத்துருங்கன்னுச்சு."

"அக்கா கரைக்கு வரலையா?"

"வரலையே."

அக்கா கோபமாகத்தான் இருக்கிறாள். சாமிசோனி பயந்தது நடந்துவிட்டது.

மே மாத முதல் ஞாயிறு, பிள்ளைகள் திருநாளுக்காக லூபே அக்கா லோஃபாங்கா தீவிலிருந்து தம்பி ஊரான பங்காய்க்கு வந்திருந்தாள். விடிந்ததிலிருந்து மண்ணடுப்பே கதியென்று கிடந்தாள். கிழங்கு, மீன், தேங்காய்ப்பாலில் வேகவைத்த இலைப்பொட்டலம் எல்லாம் அவள் கைதான். அன்று பிரசங்கம் செய்தவர், சபையில் வேதபாட வகுப்பு எடுக்கும் சாமிசோனி. ஆண்டவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது அடுப்படியை விட்டு நகராத, பைபிளில் வரும் மார்த்தாளைப் பற்றிக் கொஞ்சம் கிண்டலாகவே பேசினார். சபை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் லூபே அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். விருந்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், சொல்லாமல் கொள்ளாமல் படகேறிவிட்டாள்.

இப்போது இந்தச் சீட்டு.

"புத்தகத்தோட பேர் போடாம வெறும் நம்பர் எழுதியிருந்தா என்ன அர்த்தம்?" வீட்டுக்கு வந்ததும் மனைவி செய்னியிடம் கேட்டார். "வேதத்துல நூத்தி ஒன்பது அதிகாரம் உள்ள புத்தகம் ஒண்ணே ஒண்ணுதான். சங்கீதம்!"

எடுத்துப் படித்தார். முழுக்கச் சாபம். அவன் ஆயுசு குறையட்டும், அவன் பொறுப்பை வேறொருவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனது.

"என் பொறுப்புன்னா? புதன்கிழமை வேதபாட வகுப்பைத்தான் சொல்றா!"

"உங்க அக்கா அப்படிப்பட்டவங்களா?" என்றாள் செய்னி. "நேராப் போய் என்னன்னு கேட்டுட்டு வாங்களேன்."

"அக்கா முன்னாடி போய் நின்னு 'என்ன'ன்னு கேக்கறதா? தம்பியாப் பொறந்தவன் பேசற பேச்சா இது?"

லோஃபாங்காவுக்கு அப்போது தொலைபேசியும் கிடையாது. அடுத்த சனிக்கிழமை படகில் இரண்டு கூடை நல்ல யாம் கிழங்கு அனுப்பினார். ஒரு கூடை அனுப்புவதுதான் மரியாதை. இரண்டு அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும்.

பதிலுக்கு ஒரு சீட்டு வந்தது. ஐம்பத்தைந்து.

"என்னை நிந்திச்சவன் பகையாளியா இருந்தாத் தாங்கிப்பேன். ஆனா அது நீதான். என்கூடக் கோயிலுக்கு நடந்து வந்தவன்தான்னு இருக்கு." சாமிசோனி வேதத்தை மூடினார். "சின்ன வயசுல என் கையைப் புடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனவ அவதான் செய்னி."

செய்னி அவரைப் பார்த்தாள். "ஏங்க, வாராவாரம் வகுப்புல மூணு விரலைத் தூக்கிக் காட்டுவீங்களே. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு. அதெல்லாம் இங்க கிடையாதா?"

"அது வேதத்துக்கு."

"அக்காவுக்கு?"

 அவர் சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பதே வழி என்று முடிவெடுத்தார். அந்த ஞாயிறு பிரசங்கத்தில், "வீட்டுப் பெண் ஆக்கிப் போட்டதை வயிறு முட்டத் தின்னுட்டு, பத்துப் பேருக்கு முன்னாடி அவளையே கேவலப்படுத்தின அயோக்கியன் நான்," என்று கண்ணீர் விட்டார்.

அக்காவின் பெயரைச் சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார். விளைவாக, சபை மொத்தமும் செய்னியைத் திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை காலையில் மாதர் சங்கத்துப் பெண்கள் நாலு பேர் வாழைப்பழக் குலையோடு வந்து செய்னியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இத்தனை வருசம் எப்படிம்மா பொறுத்துக்கிட்டே?" என்றாள் ஒருத்தி. செவ்வாய்க்கிழமை போதகரே வந்து, சாமிசோனியைத் தனியாகக் கூப்பிட்டு, கணவன் மனைவி அன்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். புதன்கிழமை வகுப்புக்குப் பெண்கள் யாரும் வரவில்லை.

"பொறுப்பு போகும்னு அக்கா சொன்னது பலிக்குது," என்று புலம்பினார். செய்னி அவரோடு பேசுவதை நிறுத்தி இரண்டு நாளாகியிருந்தது.

சனிக்கிழமை ஒரு பன்றிக்குட்டியைச் சுட்டு, இலை சுற்றிப் படகில் ஏற்றினார். கெஃபு மறுவாரம் கொண்டுவந்த சீட்டில் இருந்தது நானூற்றுப் பத்தொன்பது.

செய்னியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "சங்கீதம் மொத்தமே நூத்தம்பதுதானே?"

"நாப்பத்தொண்ணாவது சங்கீதம், ஒன்பதாம் வசனம். நடுவுல புள்ளி வெக்க மறந்திருப்பா."

"வேதத்துல ஒரு புள்ளியைக்கூட நாமாச் சேக்கக் கூடாதுன்னு வகுப்புல மேசையைத் தட்டினது யாரு?"

அவர் காதில் விழவில்லை. படித்துக்கொண்டிருந்தார். என் சோற்றைத் தின்றவனே என்னை உதைக்கக் காலைத் தூக்கினான் என்றது வசனம். முதல்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. கிழங்கு அனுப்பியாயிற்று, பன்றி அனுப்பியாயிற்று, ஊர் முன்னால் அழுதாயிற்று. இன்னும் என்ன?

ஒரு தாளைக் கிழித்து எழுதினார். 'போதும். புரிந்துவிட்டது. இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.' அன்புள்ள அக்கா என்று தொடங்கவில்லை. தம்பி என்று முடிக்கவில்லை. ஓடிப்போய்க் கெஃபுவிடம் கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியிலேயே மனது அடித்துக்கொண்டது. அப்பா கடலோடு போய்ச் சேர்ந்தபின் தனக்குச் சட்டை தைத்துப் போட்டவள், பள்ளிக்கூடம் அனுப்பியவள். அவளுக்கா இப்படி எழுதினோம்? துறைக்குத் திரும்பி ஓடினார். படகு பவளப்பாறையைத் தாண்டிவிட்டது.

அதன்பிறகு சீட்டே வரவில்லை. இரண்டு சனிக்கிழமை கெஃபு வெறுங்கையை விரித்துக் காட்டினார். சாபத்தைக்கூட எதிர்பார்த்துத் துறையில் நின்றார் சாமிசோனி. மூன்றாவது சனிக்கிழமை வேட்டியை மாற்றி, மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டி, அக்கா காலில் விழுந்துவிடுவது என்று தானே புறப்பட்டார்.

படகிலிருந்து அக்கா மகள் மெலியானே இறங்கினாள். கறுப்பு உடை. இடுப்பில் பெரிய, கிழிந்த துக்கப் பாய்.

"அம்மா வியாழக்கிழமை போயிட்டாங்க மாமா."

அவர் அப்படியே மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"வயித்துல கட்டி. ரொம்ப நாளாவே இருந்திருக்கு. அன்னிக்குக் கோயில்ல பாதியில எந்திரிச்சுப் போனதுகூட வலி தாங்காமத்தான். உங்களுக்குத் தெரிஞ்சா அழுவீங்கன்னு யாரையும் சொல்ல விடல. கடைசி வரைக்கும் உங்க சீட்டைத் தலகாணிக்கு அடியிலயே வெச்சிருந்தாங்க."

"ஐயோ, அதையா!" மார்பில் அடித்துக்கொண்டார். "எம்மேல கோவத்தோடவே போயிட்டாளே! அவ அனுப்புன மூணு சங்கீதத்தையும் சபை முன்னாடி நானே படிக்கறேன் மெலியானே. அதுதான் எனக்குத் தண்டனை."

மெலியானே அழுகையை நிறுத்திவிட்டு அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"சங்கீதமா? அது கோயில் பாட்டுப் புத்தக நம்பர் மாமா, தன் அடக்கத்துக்கு நீங்க பாடணும்னு அம்மா ஒவ்வொண்ணா யோசிச்சு அனுப்புனது. 'போதும், புரிஞ்சுது'ன்னு நீங்க எழுதினதும் எவ்வளவு சந்தோசம் தெரியுமா? 'பாரு, நான் வாய் தொறந்து ஒண்ணும் சொல்லல, எந்தம்பிக்கு எல்லாம் புரிஞ்சுருச்சு'ன்னு பாக்க வந்தவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டேதான் போனாங்க."